துப்பறிவாளருக்கும் வழிநூல் உண்டு



சென்ற கல்வியாண்டில் எம் மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். "நீங்கள் அறிந்த புகழ்பெற்ற துப்பறிவாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை எவரும் எழுதாத ஒரு வழக்கை அவர் ஆராய்வதாகத் தமிழில் மூன்று பக்கம் எழுதி வாருங்கள்" என்பதே அப்பயிற்சி. கோடிட்ட இடங்களை நிரப்பியும் பாடநூல் வினாக்களுக்கு விடை எழுதியும் சலித்திருந்த பிள்ளைகள், அன்று மணியடித்த பிறகும் இருக்கையை விட்டு எழாமல் தம்முள் பேசிக்கொண்டிருந்தனர்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தந்தையார் எம்மைச் சந்தித்தார். "ஐயா, பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இது காப்பியடிப்பது ஆகாதா? பள்ளியே இதைக் கற்றுக்கொடுக்கலாமா?" என்று வினவினார். அது நேர்மையான வினா. வாசலில் வண்டிகள் காத்து நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் முறையான விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்வினா எம்மை விடவும் இல்லை. அதற்கு உரிய விடையை இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகின்றோம்.

எழுதப்படாத திருகோணமலை வழக்கு

துப்பறியும் கதை என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருபவர் ஷெர்லாக் ஹோம்ஸ். ஆர்தர் கானன் டாயில் என்னும் மருத்துவர் 1887-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நாவலில் அவரை அறிமுகம் செய்தார். நான்கு நாவல்கள், ஐம்பத்தாறு சிறுகதைகள் என மொத்தம் அறுபது படைப்புகளில் ஹோம்ஸ் இடம்பெற்றார். 1893-இல் வெளியான ஒரு கதையில், தம் பாத்திரத்தின்மீதே சலிப்புற்ற டாயில், ஹோம்ஸை அருவியில் விழச்செய்து கதையை முடித்தார். வாசகர்கள் அதனை ஏற்கவில்லை. இறுதியில் 1903-இல் அவரை மீண்டும் உயிருடன் கொண்டுவர வேண்டியதாயிற்று. படைத்தவரே கைவிட நினைத்தாலும், மக்கள் மனத்தில் குடிபுகுந்த பாத்திரம் எளிதில் மறைவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

டாயில் 1930-ஆம் ஆண்டு காலமானார். ஆயினும் ஹோம்ஸ் கதைகள் நின்றுவிடவில்லை. அதற்கு டாயிலே ஒரு வழி வைத்துச் சென்றிருந்தார். ஹோம்ஸின் நண்பர் வாட்சன், கதைக்கு நடுவே, தாம் எழுதாமல் விட்ட வேறு வழக்குகளின் பெயர்களை மட்டும் ஒரு வரியில் சொல்லிச் செல்வார். அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. 1891-இல் வெளிவந்த ஹோம்ஸின் முதற் சிறுகதையில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்க்கு நேர்ந்த விந்தையான துயர நிகழ்ச்சியை ஹோம்ஸ் தெளிவுபடுத்தினார் என்று வாட்சன் குறிப்பிடுகின்றார். அவ்வளவே. அந்தச் சகோதரர் யாவர், என்ன துயரம், எவ்வாறு விடை கண்டார் என்பவற்றை டாயில் எழுதவில்லை. தமிழர் வாழும் கடற்கரை நகர் ஒன்றில் நிகழ்ந்த வழக்கு, நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வரியாக நிற்கின்றது!

இத்தகைய வரிகளே பின்வந்த எழுத்தாளர்க்கு வாயில்கள் ஆயின. டாயிலின் மகன் ஏட்ரியன், ஜான் டிக்சன் கார் என்னும் துப்பறியும் கதையாசிரியருடன் சேர்ந்து, இவ்வாறு பெயர் மட்டும் சொல்லப்பட்ட வழக்குகளைக் கொண்டு பன்னிரண்டு கதைகளை உருவாக்கினார். அவை 1954-இல் நூலாயின. ஹோம்ஸ் இறந்ததாகக் கருதப்பட்ட ஆண்டுகளில் தாம் திபெத்திலும் மக்காவிலும் இருந்ததாக அவரே பின்னர் கூறுவார். அந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டு, இந்தியாவில் வாழ்ந்த திபெத்திய எழுத்தாளர் ஜம்யாங் நோர்பு 1999-இல் ஒரு நாவல் எழுதினார். அந்தோணி ஹொரோவிட்ஸ் 2011-இல் டாயில் குடும்பத்தார் நிறுவனத்தின் இசைவுடன் புதிய ஹோம்ஸ் நாவல் ஒன்றை வெளியிட்டார். அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பொய்ரோவுக்கு 2014 முதல் சோஃபி ஹன்னா, கிறிஸ்டி குடும்பத்தின் ஒப்புதலோடு புதிய நாவல்கள் எழுதி வருகின்றார். 1975-இல் வெளியான நாவலில் பொய்ரோ இறந்துவிடுகிறார். ஆகையால் சோஃபி ஹன்னா தம் கதைகளை அதற்கு முந்திய காலத்தில் அமைத்துக்கொண்டார். கிறிஸ்டியின் நடையைப் போலி செய்யாதிருக்கும் பொருட்டு, கதை சொல்லும் காவல்துறை அலுவலர் ஒருவரைப் புதிதாகப் படைத்துக்கொண்டார். இது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய நுட்பம்.

நம் மரபு கூறுவது யாது?

இவ்வாறு எழுதுதல் மேனாட்டு வழக்கம் மட்டுமோ எனின், அன்று. நம் இலக்கணம் இதற்கு முன்னமே பெயரிட்டுள்ளது. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்துகிறது. முன்னோர் நூலைத் தொகுத்தும், விரித்தும், தொகுத்து விரித்தும், மொழிபெயர்த்தும் செய்யப்படுவது வழிநூல் எனப்பட்டது. பின்வந்த நன்னூல், வழிநூலாசிரியன் முதல்நூலின் முடிபோடு ஒத்து நடந்து, தான் வேண்டும் வேறுபாட்டையும் மரபு குலையாமல் சேர்ப்பான் என்று விளக்குகிறது. இலக்கண நூலுக்குச் சொன்ன விதி இது. எனினும் கதைக்கும் பொருந்தும் அறம் இதில் இருக்கின்றது. கம்பர் வான்மீகியை மறைக்கவில்லை. முன்னவர் வழியைத் தாம் பின்பற்றுவதைப் பாயிரத்திலேயே பணிவுடன் ஒப்புக்கொண்டார். பின்னர், தமிழ் மண்ணுக்கு ஏற்பத் தமக்கே உரிய காவியத்தைப் படைத்தார்.

ஆகவே காப்பியடித்தலுக்கும் வழிநூல் செய்தலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. காப்பியடிப்பவன் மூலத்தை மறைக்கின்றான். புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. வழிநூல் செய்பவன் மூலத்தின் பெயரைச் சொல்லுகின்றான். தன் உழைப்பால் புதியதொன்றைச் சேர்க்கின்றான்.

தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாற்றிலேயே இவ்விரு வகையினரும் உளர். பண்டித நடேச சாஸ்திரியார் 1894-இல் தானவன் என்னும் காவல்துறை நிபுணரின் கதையை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் கதையாக அதனைக் குறிப்பிடுவர். அதன்பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். ஆங்கில நாவலின் ஊரையும் பேரையும் தமிழாக்கித் தழுவி எழுதுதல் அக்காலத்தில் பெருகியிருந்தது. மூலத்தின் பெயரைச் சொன்னவரும் உண்டு. சொல்லாது விட்டவரும் உண்டு. அவர்களால் தமிழ் வாசிப்புப் பரவியது என்பதை நன்றியுடன் நினைக்கும் நாம், மூலத்தைச் சொல்லாமை குறையே என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

சாம்புவும் சங்கர்லாலும்

நம் பிள்ளைகள் ஹோம்ஸை ஆங்கிலத்தில் அறிவார்கள். தமிழ்த் துப்பறிவாளர்களை அவர்கட்கு அறிமுகம் செய்வது பெற்றோரின் கடமை.

திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்த தேவன், ஆனந்த விகடனில் பணியாற்றி, துப்பறியும் சாம்புவைப் படைத்தார். சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. அறிவுக் கூர்மை அற்றவர். அவர் பயத்தாலோ குழப்பத்தாலோ ஏதோ செய்ய, குற்றவாளி தானே வந்து அகப்பட்டுக்கொள்வான். உலகமோ அவரை மாமேதை எனப் போற்றும். இன்ஸ்பெக்டர் கோபாலனும் மனைவி வேம்புவும் அவருடைய உலகில் வருவோர். கோபுலு வரைந்த படக்கதை வழியாகவும் சாம்பு பல தலைமுறைகளைச் சிரிக்க வைத்தார்.

தமிழ்வாணனின் சங்கர்லாலோ முற்றிலும் வேறானவர். தேநீர் அருந்தியபடி சிந்திப்பவர். நாடு நாடாகப் பறந்து குற்றங்களைத் துலக்குபவர். எந்த நாட்டில் கதை நடந்தாலும் அனைவரும் தூய தமிழிலேயே உரையாடுவர். நம்மில் பலர் அக்கதைகளைப் படித்தே வெளிநாட்டு நகரங்களின் பெயர்களை முதன்முதலில் அறிந்தோம்.

இவ்விருவரை ஒப்பிட்டால் புதிய கதை எழுதுவோர்க்குரிய முதல் விதி விளங்கும். பாத்திரத்தின் இயல்பே அதன் உயிர். சாம்புவை ஒரு கதையிலேனும் உண்மையான அறிவாளியாக்கிவிட்டால் அவர் சாம்பு அல்லர். சங்கர்லால் தற்செயலாக வென்றால் அவர் சங்கர்லால் அல்லர். பெயரை எடுத்துக்கொண்டு இயல்பை விட்டுவிடுதல், வீட்டை வாங்கிவிட்டுக் கிணற்றைத் தூர்ப்பது போன்றதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தந்தையாரின் வினாவில் சட்டமும் அடங்கியுள்ளது. ஒரு நூலின் மீதான பதிப்புரிமை படைத்தவர் காலத்துக்குப் பின்னும் அவர் குடும்பத்தாருக்குக் குறிப்பிட்ட காலம் வரை உரியது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். பிரிட்டனில் 70 ஆண்டுகள். நாம் வாழும் ஐக்கிய அரபு அமீரகத்தில், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 50 ஆண்டுகள்.

தேவன் 1957-இல் மறைந்தார். எனவே இந்தியச் சட்டப்படி 2018 தொடக்கம் முதல் சாம்பு பொதுச்சொத்து ஆவார். தமிழ்வாணன் மறைந்தது 1977-இல். ஆகவே சங்கர்லால் மீதான உரிமை இந்தியாவில் 2037 முடியும் வரை நீடிக்கும். கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இருவரைப் படைத்த சுஜாதா 2008-இல் மறைந்தார். அவர்களுக்கான காலம் இன்னும் நெடியது. ஹோம்ஸைப் பற்றி அமெரிக்காவில் நீண்ட வழக்கு நடந்து, முந்திய கதைகளின் ஹோம்ஸ் அனைவர்க்கும் உரியவர் என 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 தொடங்கியபோது எஞ்சியிருந்த கதைகளும் அங்கே பொதுவாயின.

மாணவர் தம் பயிற்சி ஏட்டில் எழுதிப் பழகுவது வேறு; அச்சிட்டு வெளியிடுவது வேறு. உரிமை நீங்காத பாத்திரத்தை வைத்து எழுதியதை வெளியிட விரும்பினால், உரிமையாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும். உரிமை நீங்கிய பாத்திரமாயினும், படைத்தவரின் பெயரைத் தலைப்பின் கீழ் எழுதுதல் வேண்டும். முன்னது சட்டம், பின்னது அறம்.

எழுதும் முறை

இனி, மாணவச் செல்வங்களே, உங்களுக்காகச் சில வழிமுறைகள்.

முதலாவது, முடிவிலிருந்து தொடங்குங்கள். குற்றம் செய்தவர் யார், ஏன் செய்தார், எந்தச் சிறு தவற்றினால் அகப்பட்டார் என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். வாசகர் முன்னோக்கி நடப்பார். எழுதுபவர் பின்னோக்கி நடந்து பாதை அமைத்திருப்பார்.

இரண்டாவது, துப்பை மறைக்காதீர்கள். துப்பறிவாளர் கண்டதை வாசகரும் கண்டிருக்க வேண்டும். 1929-ஆம் ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளுள் இதுவும் ஒன்று. துப்பு கண்முன்னே இருக்கலாம். அதன் பொருள் மட்டும் இறுதியில் விளங்க வேண்டும். சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, உண்மை வெளிப்படுகிறது. ஆராயாது வழங்கிய தீர்ப்பால் கோவலன் உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. தீர்ப்புக்கு முன் ஆராய்ச்சி வேண்டும் என்பதே எல்லாத் துப்பறியும் கதைகளின் உட்பொருள். ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மொழிக்கு இது புதிய செய்தி அன்று.

மூன்றாவது, காலத்தை மதியுங்கள். ஹோம்ஸின் திருகோணமலை வழக்கு, கதைக் கணக்குப்படி 1888 மார்ச் மாதத்துக்கு முற்பட்டது. அப்போது சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே நீராவிக் கப்பலில் அவர் வரலாம். ஆனால் திருகோணமலைக்கு இருப்புப்பாதை அப்போது இல்லை. அது 1927-இல்தான் வந்தது. கைரேகையைக் கொண்டு குற்றவாளியைப் பிடிக்கவும் இயலாது. கைரேகைகளுக்கென ஒரு நிலையம் கல்கத்தாவில் 1897-இல்தான் அமைந்தது. ஹோம்ஸ் அங்குச் சென்றார் என்றுகூட வாட்சன் சொல்லவில்லை. தெளிவுபடுத்தினார் என்று மட்டுமே சொல்கிறார். லண்டன் அறையில் அமர்ந்து, திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்களைக் கொண்டே விடை கண்டிருக்கலாம் அல்லவா? ஒரு சொல்லைக் கூர்ந்து படித்தால் ஒரு கதை கிடைக்கும்.

நான்காவது, நீங்கள் வாழும் மண்ணையும் கதைக்குள் கொண்டு வாருங்கள். சாம்பு துபாய்க்கு வருவதாக எழுத ஆசையா? அவர் காலம் 1940-கள். அன்று இங்கே மெட்ரோ ரயில் இல்லை. அது 2009-இல் வந்தது. எண்ணெய்ச் செல்வமும் இல்லை. துபாயில் 1966-இல்தான் எண்ணெய் கண்டறியப்பட்டது. ஜப்பானின் வளர்ப்பு முத்துகளாலும் உலகப் பொருளாதார மந்தத்தாலும் முத்து வணிகம் நலிந்திருந்த காலம் அது. பம்பாயிலிருந்து கப்பலில் வரலாம். ஆனால் ஒரு வியப்பு: அக்காலத்தில் இங்கே புழங்கியது இந்திய ரூபாய்! 1959-இல் வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் நோட்டு அச்சிடப்படும் வரை அந்நிலை நீடித்தது. வங்கிக் குமாஸ்தாவான சாம்பு, கள்ள நோட்டு ஒன்றைத் தம்மையறியாமலே அடையாளம் காட்டி, கடற்கரைச் சந்தையில் பெரும் புகழ் பெறுவதாக எழுதலாம். இன்றைய துபாய்தான் வேண்டும் என்றால், சாம்புவின் கொள்ளுப்பேத்தியைப் படைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் அதிர்ஷ்டம் அவளுக்கு உண்டா, இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, சொற்களைத் தேடுங்கள். துப்பு, தடயம், ஐயம், சாட்சி, வாக்குமூலம் என்னும் சொற்களை மனப்பாடத்திற்காக அன்றி, தேவைக்காகக் கற்பீர்கள். தேவையால் வந்த சொல் நாவை விட்டுப் போவதில்லை.

வினாவுக்கு விடை

இறுதியாக, அந்தத் தந்தையாரின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வினா எழுப்பியவரின் பிள்ளையே திருகோணமலை வழக்கைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஹோம்ஸ் கதைகள் அனைத்தையும் ஆங்கிலத்தில் படித்தவன். தமிழில் ஐந்து வரிக்கு மேல் எழுதாதவன். முதற்படியில் ஹோம்ஸ் ரயிலில் வந்து இறங்கினார். அக்கதையை அவன் தொலைபேசியில் தன் அப்பம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். திருகோணமலையிலேயே வாழும் அம்மூதாட்டி, "அந்தக் காலத்தில இங்க கோச்சி எங்க இருந்தது, ராசா? என்ர அப்பு இளந்தாரியா இருக்கேக்கதான் கோச்சிப் பாதை போட்டவங்கள்" என்று திருத்தினாராம். பிறகு துறைமுகத்தையும் கோணேசர் மலையையும், கடல் நிறம் மாறும் வேளையையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதுவரை நலம் விசாரித்து முடிந்துவிடும் உரையாடல் அது.

மூன்று பக்கம் கேட்டோம்; பதினொரு பக்கம் வந்தது. எழுத்துப் பிழைகள் இருந்தன. முதற்பக்கத்தில், படைத்தவர் ஆர்தர் கானன் டாயில் என்றும், ஊரைச் சொன்னவர் அப்பம்மா என்றும் தெளிவாக எழுதியிருந்தான். முதல்நூலுக்கு நன்றி, தன் பங்குக்குப் புதுமை. வழிநூலின் இலக்கணம் வேறு என்ன?

நாம் அனைவரும் பிறந்த மண்ணை விட்டு வந்தோர். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு தேர்வுப் பாடமாகச் சுருங்கிவிடுமோ என்னும் அச்சம் நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு. ஒரு மொழியில் பிறர் கதையைப் படிப்பவன் அம்மொழிக்கு விருந்தினன். தன் கதையை எழுதுபவன் அவ்வீட்டுப் பிள்ளை. தொடக்கத்தில் அக்கதைக்கு ஒரு பழைய துப்பறிவாளரின் கைத்துணை தேவைப்படுமாயின், அதில் இழுக்கு ஏதுமில்லை. நடை பழகும் குழந்தை, பெரியவர் விரலைப் பற்றுவதை எவரும் திருட்டு என்று கூறுவதில்லை.

பெற்றோர்களே, இவ்விடுமுறையில் உங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் விடை தெரியாத நிகழ்ச்சி ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே, அதனை யார் ஆராய்ந்தால் பொருத்தம் என்று எண்ணி எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அக்கதைகளுக்கு இடம் காத்திருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்!